நூலகத்துக்குப் போன புதன்கிழமைகள்

மகளின் நகத்தடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது கவனித்தேன். பேனா மை என்று மனைவி சொல்வாள். பேனா மை விரலில் ஒட்டும், நகத்தடிக்குள் போய்க் குடியிருக்காது. அது கிரீஸ். இருபத்தோரு வருஷம் வண்டிகளுக்குள்ளேயே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு கிரீஸைத் தெரியாதா?

நான் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. வண்டி ஓட்டக் கற்றவர்கள் உரிமம் கேட்டு வரும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு, அவர்கள் செய்யும் தப்புகளைக் கோடு போட்டு எண்ணுகிற ஆள். சின்னத் தப்புக்கு ஒரு கோடு. பதினாறாவது கோடு விழுந்தால் தோல்வி. பெரிய தப்பு ஒன்றே போதும். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை நான் மிதித்தால் அதோடு கதை முடிந்தது. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பதினாறு' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது அடுத்த அறை அதிகாரி, எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிற மனுஷன். அவன் தேர்வு வைத்தால் பத்துக்கு எட்டுப் பேர் தேறுவார்கள். அதனாலேயே எனக்கு அவன்மீது ஒரு கண்.

சந்தேகப்படுவது கெட்ட குணம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். பக்கத்தில் இருக்கிறவர் எந்த நொடியில் என்ன செய்வாரோ என்று ஒரு காலை எப்போதும் பிரேக்கின்மேலேயே வைத்திருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறவர்கள் உண்டு. தலை மட்டும் திரும்பும், கண் போகாது. நான் கண்ணைத்தான் பார்ப்பேன். வீட்டிலும் அப்படித்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாவது படிக்கிறாள். இந்த விவகாரமெல்லாம் பள்ளியிலிருந்து வந்த ஒரு தாளில்தான் ஆரம்பித்தது. 'எதிர்காலத் தொழில் விருப்பம்' என்று தலைப்பு. பிள்ளை எந்தெந்த வேலைகளைப் பற்றி அறிய விரும்புகிறது, அந்த வேலையில் இருப்பவர்களை நேரில் பார்க்க ஏற்பாடு செய்யலாமா, பெற்றோர் கருத்து என்ன என்று மூன்று கேள்விகள். பெற்றோர் கருத்து என்ற இடத்தில் 'தற்போது தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். "முதல்ல மார்க் வரட்டும். மார்க்கைப் பார்த்தா எந்தக் கதவு திறக்கும்னு தெரியும். அப்புறம் யோசிச்சாப் போதும்."

"எந்தக் கதவு வேணும்னு முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி படிக்கலாமே," என்றாள் மகள்.

"இந்த வயசுல இன்னிக்கு டாக்டர்னு சொல்லுவே, நாளைக்குப் பாட்டுப் பாடப் போறேன்னு சொல்லுவே. பாதி நாள் அதுலயே போயிடும்."

"நீங்க எப்பப்பா யோசிச்சீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. ஓர் இடம் காலியாக இருந்தது, விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டார்கள், போனேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சாப்பிடு, ஆறிடும் என்றேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் நூலகம் தொடங்கியது. மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வருகிறவள் ஐந்தரைக்கு வந்தாள். நூலகத்தில் படித்துவிட்டு வருகிறேன் என்றாள். கையில் புத்தகமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரமாக அதே புத்தகம். மூன்றாவது வாரம் கிரீஸ். நான்காவது வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு பித்தளை வாஷர் கிடைத்தது. அதைக் காதும் காதும் வைத்தாற்போல் என் மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினேன்.

கிரீஸ் என்றால் பைக். பைக் என்றால் பையன். இதற்குமேல் என்ன யோசிக்க இருக்கிறது? அவனுக்கு நானே ஒரு முகமும் வைத்தேன். ஒல்லியாக இருப்பான், முடியை நெற்றியில் இறக்கி விட்டிருப்பான், வளைவில் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புவான். என்னிடம் தேர்வுக்கு வந்தால் ஐந்தாவது நிமிஷம் இறக்கி விட்டிருப்பேன்.

மனைவியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு புதன்கிழமை எங்க போறா?"

"லைப்ரரிக்கு." கத்தி ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. நின்றதை நான் பார்த்தேன்.

"லைப்ரரியில கையில கிரீஸ் தடவி விடறாங்களா?"

"அவளையே கேளுங்களேன்."

கேட்டால் பொய் சொல்வாள். பொய் சொல்ல இடம் கொடுக்காமல் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் முறை. எனக்கு ஒரே பெண். அவள் கெட்டுப்போய்விடுவாளோ என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிட, எனக்குத் தெரியாமல் அவளுக்கென்று ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் என்னை அரித்தது. சின்ன வயதில் கால் செருப்பு கடித்தால்கூட முதலில் என்னிடம்தான் வந்து காட்டுவாள்.

ஐந்தாவது புதன்கிழமை மூன்றரைக்கு என்னிடம் தேர்வுக்கு வந்தவர் ஒரு சலவைக்கடை அம்மா. ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்ட கை, ஸ்டீயரிங்கையும் மேசைத் துணியைத் தேய்ப்பதுபோலத் தேய்க்கும். என்னிடம் மூன்று முறை தோற்றவர். முதல் முறை பத்தொன்பது கோடு, அடுத்து பதினேழு, போன முறை சரியாகப் பதினாறு.

"சார், இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துப் போடுங்க," என்றார் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வண்டி ஓட்டற வேலை சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் ரத்தக் குப்பியெல்லாம் வாங்கிட்டு வரணும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எனக்காக வச்சிருப்பாங்களாம்."

"இந்த வயசுல எதுக்கும்மா வேற வேலை?"

"இப்பத்தான் சார் யோசிக்கவே நேரம் கிடைச்சுது."

இரக்கம் தேடுகிறார் என்று பட்டது. வண்டியை எடுங்க என்று மட்டும் சொன்னேன். கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்தார், கண்ணும் போயிற்று. கோடு போட முடியவில்லையே என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

தனியாக இல்லை. பக்கத்தில் நீல உடுப்பு போட்ட ஓர் ஆள், தலையில் தொப்பி, தோளில் கனமான பை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. பையன் இல்லை, முழு ஆள். அந்த ஆள் ஒரு வெள்ளை வேனின் கதவைத் திறந்துவிட, என் மகள் வெகு நாள் பழக்கம்போல முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வேன் கிளம்பி இடப்பக்கம் திரும்பியது. 

"இடப்பக்கம் திரும்புங்க," என்றேன்.

"இங்கயா சார்? நேராப் போய் பாலத்துக்கிட்ட வலப்பக்கம்தானே திரும்பணும்? மூணு தடவையும் அப்படித்தான் போனோம்."

"சொன்னதைச் செய்யுங்க."

அவர் திரும்பினார். அதற்கப்புறம் அட்டை என் மடியில் இருந்ததே தவிர, என் கண் அதில் இல்லை. வலப்பக்கம் என்றேன். அடுத்ததும் வலப்பக்கம் என்றேன். சந்தைத் தெருவுக்குள் வண்டியை விடச் சொன்னேன். அங்கே தேர்வு வண்டி போகவே கூடாது. தள்ளுவண்டிகளுக்கு நடுவில் அந்த அம்மா அங்குலம் அங்குலமாக வண்டியைக் கொண்டுபோனார்.

"சார், அந்த வெள்ளை வேன் பின்னாடிதானே போறோம்?"

"முன்னால போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல இடம் விட்டு ஓட்டுங்க."

"எவ்வளவு இடம் சார்? பத்திரமா போற அளவுக்கா, அவங்க நம்மளைப் பார்க்காத அளவுக்கா?"

 அவர் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு, "நானும் ஒரு காலத்துல எங்க வீட்டுக்காரர் பின்னாடி இப்படிப் போயிருக்கேன்," என்றார். "பஸ்ல. பஸ் துரத்தறதுக்கு லாயக்கில்ல சார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கும்."

வேன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றது. இருவரும் இறங்கி உள்ளே போனார்கள். அந்த ஆள் கதவைப் பிடித்துக்கொள்ள, என் மகள் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டபடி நுழைந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நிறுத்துங்க, இங்கயே இருங்க என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். தேர்வு நடக்கும்போது ஓட்டுகிறவரைத் தனியாக விட்டு அதிகாரி இறங்குவது என்பது நான் கேள்விப்பட்டே இராத குற்றம்.

லிஃப்டின் வாசலில் ஒரு பலகை தொங்கியது: பராமரிப்பு வேலை நடக்கிறது, படிக்கட்டைப் பயன்படுத்தவும். பேச்சுக்குரல் மேலேயிருந்து வந்தது. ஏறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. ஐந்தாம் மாடியில் கண் இருட்டியது. ஏறும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். ஏழாம் மாடிக்கும் மேலே, மொட்டைமாடியை ஒட்டிய சின்ன அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே லிஃப்டை இழுக்கும் பெரிய மோட்டாரும் சக்கரமும், அதில் சுற்றிய இரும்புக் கயிறுகளும். என் மகள் கையுறை போட்டுக்கொண்டு டார்ச்சைப் பிடித்திருந்தாள். நீல முதுகு குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுடா என் பொண்ணைக் கூட்டிட்டு வந்தே?" என்றேன்.

நீல முதுகு திரும்பியது. நாற்பது வயதுப் பெண். தொப்பியைக் கழற்றியதும் குட்டையாக வெட்டிய முடி கலைந்து நின்றது.

"அப்பா," என்றாள் மகள். 

"கேள்வியோட அப்பாவா?" என்று அந்தப் பெண் எழுந்தாள்.

"எந்தக் கேள்வி?"

"இவதான் சார். வாயைத் திறந்தா கேள்விதான். அப்படித்தான் கூப்பிடறேன்."

என் மகளுக்கு இன்னோர் இடத்தில் இன்னொரு பெயர். அப்போதாவது நான் அசடு வழிந்துவிட்டு, மன்னிக்கணும், தப்பா நினைச்சுட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு மாடி ஏறி வந்த கோபம் சும்மா இறங்குமா? அது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு தேடியது. கதவிலேயே கிடைத்தது: 'அனுமதி பெற்ற பணியாளர் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது.'

"இது என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமில்ல?" என்றேன். "பதினஞ்சு வயசுப் பிள்ளையை வேலை வாங்கறீங்களா?"

"வேலை வாங்கலை சார். வாரத்துல ஒரு மணி நேரம் கூட நிக்கறா, பார்க்கறா, கேக்கறா. ஓடற மெஷின்கிட்ட விட மாட்டேன். நிறுத்திட்டுத்தான் காட்டுவேன்."

"வெளியாளை இங்க விடலாம்னு உங்க கம்பெனி சொல்லியிருக்கா?"

அவள் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பெரிய தப்பு. பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். லிஃப்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் நீட்டினேன். உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, கம்பெனிக்கு எழுதப் போறேன் என்றேன்.

அந்தப் பெண் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்தாள்.

"இனிமே வராதேம்மா. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. இந்த உடுப்பு போடறதுக்கே எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இது போச்சுன்னா என்னால முடியாது."

மகள் கையுறைகளைக் கழற்றினாள். அவள் கைக்குச் சரியான அளவில் இருந்தன. யாரோ அளவு பார்த்து வாங்கியவை. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கருவிப் பையின்மேல் வைத்துவிட்டு, எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

கீழே சலவைக்கடை அம்மா எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓரக்கல்லை ஒட்டி அழகாக நிறுத்தியிருந்தார். பின் இருக்கையில் ஏறிய என் மகளைக் கண்ணாடியில் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பெல்ட் போட்டுக்கோம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளப்பினார்.

"லைப்ரரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்பா," என்றாள் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "முதல் புதன்கிழமை. நாப்பது நிமிஷம். அழுதுட்டேன். அந்த அக்கா மேலேருந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. இப்ப இதைக் கழட்டறேன், இப்ப ஒரு சத்தம் வரும் பயப்படாதே, இப்ப ஒரு அடி கீழ இறங்கும்னு. சொன்ன மாதிரியே நடந்துச்சு. வெளிய வந்து எப்படின்னு கேட்டேன். காட்டினாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

என்ன செய்திருப்பேன்? இன்றைக்குச் செய்ததை நான்கு வாரம் முன்னாலேயே செய்திருப்பேன். எங்க திரும்பணும் சார் என்று அந்த அம்மா கேட்டார். வலப்பக்கம் என்றேன். 

அலுவலக வாசலில் வண்டி நின்றதும் அட்டையைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. சந்தைத் தெரு, ஆறு வளைவு, ஒரு பாலம், போகும்போதும் வரும்போதும் எதுவும் இல்லை. அவர் தப்பே செய்யவில்லையோ என்னவோ. நான் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

"எத்தனை சார்?" என்றார் அவர். ஸ்டீயரிங்கைத் தேய்க்கிற கை நின்றிருந்தது.

கீழே கையெழுத்துப் போட்டால் தேர்ச்சி. அவருக்கு வேலை கிடைக்கும், நானும் தப்பித்துவிடுவேன். யாருக்குத் தெரியும்? வழி மாறிப் போனேன் என்று எழுதினால் தேர்வே செல்லாது. அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகும். நேர்மைக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். இன்னொரு விஷயத்தையும் மறைத்துக்கொண்டு அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. 'அதிகாரி சொந்தக் காரணத்துக்காக வழி மாறினார். ஓட்டுநரைக் கவனிக்கவில்லை. தவறு அதிகாரியுடையது' என்று எழுதி, மூன்று பேருமாக உள்ளே போனோம்.

தலைமை அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா இதைச் செஞ்சீங்க?"

"நான்தான். இந்த அம்மாவுக்கு இன்னிக்கே வேற யாராவது டெஸ்ட் வைக்கணும். அவங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வைத்தது அந்தப் பல்லைக் காட்டுகிறவன்தான். தன் கடைசித் தேர்வு முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவன், ஒரு வார்த்தை கேட்காமல் பையை மேசையில் போட்டுவிட்டு வந்தான். இருபது நிமிஷத்தில் திரும்பினார்கள். நான்கு கோடு. தேர்ச்சி. அவன் தாராளமாக விட்டிருப்பான் என்று சந்தேகப்பட என் மனம் கிளம்பியது, அதை அடக்கினேன். அந்த அம்மா தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு சார். யாரையும் துரத்தலை." பிறகு என் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போய் திட்டாதீங்க," என்றார்.

என்னை ஆறு வாரம் கோப்பு அறையில் உட்காரச் சொன்னார்கள். அது பெரிதாகப் படவில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே என்கிட்ட சொல்லிட்டா. நானும் போய் அந்த லிஃப்ட் பொண்ணைப் பார்த்துப் பேசிட்டு வந்தேன்."

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"உங்ககிட்ட சொன்னா அவங்க ஏழு தலைமுறையையும் தோண்டிக் கேட்டிருப்பீங்க. அதுல அந்தப் பொண்ணு பயந்து வேண்டாம்னிருக்கும். இப்ப மட்டும் என்ன நடந்திருக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அடுத்த புதன்கிழமை மகள் மூன்றே முக்காலுக்கு வீட்டில் இருந்தாள். அதற்கு அடுத்த புதன்கிழமையும். பை இருக்க வேண்டிய இடத்தில் பை, செருப்பு இருக்க வேண்டிய இடத்தில் செருப்பு. நகம் சுத்தமாக இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஸ்கூல் எப்படி, நல்லாருக்கு. பரீட்சை எப்போ, வெள்ளிக்கிழமை. அவளாக எதையும் கேட்கவில்லை. இத்தனை நாள் நான் எதை வேண்டும் என்று அலைந்தேனோ அது வீட்டுக்குள்ளேயே நடமாடியது. என்னால் பார்க்கச் சகிக்கவில்லை.

"வேற ஏதாவது வேலை பத்தித் தெரிஞ்சுக்கணுமா? நானே கூட்டிட்டுப் போறேன்," என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்ப வேண்டாம்பா."

நான்காவது புதன்கிழமை கோப்பு அறையில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மாதாமாதம் வரும் பராமரிப்பு இன்றைக்குத்தான் என்று காவலாளி சொன்னார். நான் யார், எதற்கு வந்தேன் என்று அவர் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். நீல உடுப்பு என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"எழுதிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"தப்பு என்மேல. அன்னிக்கு நான் பேசினது எல்லாமே தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. என் பையைப் பார்த்தாள், பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். நல்லதுதான், நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். கருவிப் பையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"மேல கூட்டிட்டுப் போனது என் தப்பும்தான் சார். அது விதிக்கு விரோதம். எனக்குத் தெரியும். ஆனா உங்க பொண்ணு கேக்கறதைக் கேட்டா காட்டாம இருக்க முடியலை." கொஞ்சம் யோசித்தாள். "எங்க கம்பெனியில பயிற்சிக் கூடம் ஒண்ணு இருக்கு. ஓடாத லிஃப்ட், சும்மா கழட்டி மாட்டறதுக்கு. பெத்தவங்க கையெழுத்து இருந்தா ஸ்கூல் பிள்ளைங்களை சனிக்கிழமை விடுவாங்க. நான் கேட்டுப் பார்க்கிறேன். வர்றதும் வராததும் அவ இஷ்டம். நீங்க தள்ளாதீங்க."

சரி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. எந்தக் கூடம், எத்தனை பேர், யார் பொறுப்பு என்று எத்தனையோ கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் எனக்கே சந்தோஷமாக இருந்தது. மகளின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். போனது, நின்றது, மன்னிப்புக் கேட்டது, பயிற்சிக் கூடம், சனிக்கிழமை, கையெழுத்து. சொல்லி முடித்தபோது அவள் பேனாவை மூடி வைத்திருந்தாள். முகம் மாறவில்லை.

"நிஜமாவே போனீங்களா?"

"போனேன்மா."

"எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"மூணு இருபது இருக்கும்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"படிக்கட்டுப் பக்கத்துல."

"அவங்களை மிரட்டினீங்களா? அதனாலதான் ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லைம்மா. மன்னிப்புதான் கேட்டேன்."

என் கண்ணையே பார்த்தாள். உதட்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. நான் இமைத்தேன், இமைத்தது தப்பாகிவிடுமோ என்று பயந்தேன். அவள் கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தேடி, அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. என் சொந்த வீட்டில், நான் சொன்னது உண்மைதான் என்று வேறு ஒருவர் வந்து சொன்னால்தான் ஆயிற்று. அது எனக்கு வலித்தது; அவளைத் தப்பு சொல்லவும் முடியவில்லை.

"அக்கா, நான்தான்," என்றாள் என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க அப்பா இன்னிக்கு அங்க வந்தாரா?"

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. பதில் வரும்வரை நான் உட்காரவில்லை.